ஜூலையில் பெட்டைகள் தனியாக மேய்கின்றன: காட்டு வான்கோழிக் குஞ்சுகள் எங்கே போகின்றன?

ஓசார்க் வேலன் எழுதியது:

மிசூரியின் தெற்கே ஓசார்க் மலைப்பகுதியில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறேன். பாதி ஓக் மரக்காடு, மீதி மாடு மேய்கிற புல்வெளி. ஏப்ரல், மே மாதங்களில் காட்டு வான்கோழிச் சேவல்களின் கூவல் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே பறவையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஜூலையில் பார்த்தால் பெட்டைகள் மூன்றும் நான்குமாகச் சேர்ந்து, ஒரு குஞ்சுகூட இல்லாமல் மேய்கின்றன. குஞ்சோடு வருகிற பெட்டையின் பின்னாலும் இரண்டு, மிஞ்சினால் மூன்று.

பக்கத்து நிலத்துக்காரர்களைக் கேட்டால் ஒரே பதில்: கொயோட்டி. நரியைவிடப் பெரிதாய், ஓநாயைவிடச் சிறிதாய் இருக்கிற அந்த விலங்கைச் சுட்டுத் தள்ளினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒரு பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை இடும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மற்றவை எந்தக் கட்டத்தில் போகின்றன? எத்தனை பிழைத்தால் போதும் என்பதற்கு அளவு ஏதாவது உண்டா? துப்பாக்கியை எடுப்பதற்கு முன் நிலத்தில் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொலம்பியா மீனா எழுதியது:

காட்டுயிர் மேலாண்மை படிக்கிறேன். பெட்டைகளுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பின்தொடர்கிற களப்பணியும் எனக்கு உண்டு. நீங்கள் பார்த்த பெட்டைகளில் பெரும்பாலானவை குஞ்சைப் பறிகொடுத்தவையாக இருக்காது, அண்ணா. குஞ்சு பொரிக்கும் கட்டத்துக்கே அவை வந்திருக்காது.

காட்டு வான்கோழியின் கூடு என்பது தரையில் சருகை ஒதுக்கிய ஒரு பள்ளம், அவ்வளவுதான். விழுந்த கிளையோ முட்புதரோ உயர்ந்த புல்லோ மறைப்பாக இருக்கும். நாளுக்கு ஒன்று என்ற கணக்கில், நடுவில் ஓரிரு நாள் விட்டும், 10 முதல் 12 முட்டை சேர இரண்டு வாரம் ஆகிவிடும். அதுவரை பெட்டை அடைக்கு உட்காராது. முட்டையை இட்டுவிட்டு மேயப் போய்விடும். ஈடு, அதாவது ஒரு முறைக்கான முட்டைத் தொகுதி, முடிகிற சமயத்தில்தான் உட்காரும். முதல் முட்டையும் கடைசி முட்டையும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிவது அதனால்தான். அடைக்காலம் சுமார் 28 நாள். கூட்டிப் பாருங்கள்: முட்டைகள் வெறுந்தரையில் கிடப்பது ஏறத்தாழ 40 நாள். அதில் நான்கு வாரம், ரக்கூன், ஸ்கங்க், ஒப்போசம் என்ற முட்டை தின்னும் சிறு விலங்குகள் உலவுகிற இரவுகளில், பெட்டையும் அதே இடத்தில் அசையாமல் இருக்கிறது. பகலில் காகமும் பாம்பும்.

பல ஆய்வுகளில் நான்கைந்து கூடுகளுக்கு ஒன்றுதான் பொரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. தென்கிழக்கு மாநிலங்களில் அதைவிடக் குறைவாகவும் பதிவாகியுள்ளது. முதல் ஈடு கலைந்தால் சில பெட்டைகள் மறு ஈடு வைக்கும். அதில் முட்டை கொஞ்சம் குறையும். ஒரு வயதுப் பெட்டைகள் பெரும்பாலும் அந்த இரண்டாம் முயற்சிக்கு வருவதில்லை. இப்படி ஈட்டை இழந்தவைதான் கோடையில் கூட்டம் சேர்ந்து திரிகின்றன.

பொரித்த பிறகு நடப்பது தனிக்கதை. குஞ்சுகள் ஒரே நாளில் கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். ஆனால் முதல் இரண்டு வாரம் அவற்றால் மரத்தில் ஏறி அடைய முடியாது. தாயின் சிறகுக்கு அடியில் தரையிலேயே இரவைக் கழிக்க வேண்டும். உடம்புச் சூட்டைத் தாமே காத்துக்கொள்ளவும் அந்த வயதில் முடியாது. இழப்பின் பெரும்பகுதி இந்த இரண்டு வாரத்தில்தான். நான்கு வாரம் தாண்டுகிறவை பத்தில் மூன்று அல்லது நான்கு. ஆகவே, ஒரு பெட்டையின் பின்னால் மூன்று குஞ்சு வந்தால் அது அந்தத் தாய்க்கு மோசமான ஆண்டு அல்ல.

நாமக்கல்காரன் எழுதியது:

நான் ஊரில் வான்கோழிப் பண்ணை வைத்திருப்பவன். காட்டுப் பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றாலும் குஞ்சு சாவதைப் பற்றி நிறையத் தெரியும்! இன்குபேட்டரிலும் அதே 28 நாள்தான். பொரித்த பிறகுதான் தலைவலி. கோழிக்குஞ்சு தானே பொறுக்கத் தொடங்கிவிடும். வான்கோழிக் குஞ்சு அப்படி இல்லை. தட்டு நிறையத் தீவனம் இருக்கும்போதே பட்டினி கிடந்து சாகும். கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத் தீவனத்திலும் தண்ணீரிலும் வண்ணக் கோலிக்குண்டு போடச் சொல்வார்கள். போட்டால் கொத்திப் பழகும். முதல் இரண்டு வாரம் தண்ணீரில் பால் கலந்து, பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை என்றும் கொடுப்பதுண்டு. பச்சை நிறம் என்றால் ஓடி வரும், அதனால் நறுக்கிய கீரை.

இவ்வளவு செய்து, விளக்குப் போட்டுச் சூடு கொடுத்தும், முதல் நான்கு வாரத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்து போனால் அது வழக்கமான இழப்பு என்கிறார்கள். காட்டில் யார் கோலிக்குண்டு போடுகிறார்கள்? அங்கே எழுபது சாகிறது என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை. முப்பது பிழைப்பதுதான் ஆச்சரியம்.

கொலம்பியா மீனா எழுதியது:

கோலிக்குண்டு வேலையைத் தாய் செய்கிறது, ஐயா. முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு குரல் கொடுக்கும், தாய் பதில் குரல் கொடுக்கும். வெளியே வந்த சில மணி நேரத்தில் அந்தக் குரலும் உருவமும் குஞ்சின் மனத்தில் பதிந்துவிடுகின்றன. தாய் எதைக் கொத்துகிறதோ அதைக் குஞ்சும் கொத்தும். தாய் ஒரு எச்சரிக்கை ஒலி எழுப்பினால் அப்படியே தரையோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் இன்குபேட்டர் குஞ்சுக்கு இல்லாதது தீவனம் அல்ல, வழிகாட்டுகிற தாய்தான்.

பாலும் முட்டையும் நீங்கள் கொடுப்பது புரதத்துக்காக. காட்டுக் குஞ்சு அதை வெட்டுக்கிளியிலும் வண்டிலும் இலைத்தத்துப் பூச்சியிலும் தேடிக்கொள்கிறது. முதல் சில வாரம் அதன் உணவில் பெரும்பகுதி பூச்சி. இறகு வேகமாக முளைக்கப் புரதம் வேண்டும்; இறகு முளைத்தால்தான் மரம் ஏறலாம். எங்கே பூச்சி குறைவோ அங்கே குஞ்சு தரையில் கழிக்கும் இரவுகள் கூடுகின்றன. நான் இதைத்தான் முதன்மையான காரணமாகப் பார்க்கிறேன்.

சந்தேகப்பிராணி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் யாரும் வேட்டையைப் பற்றிப் பேசவே இல்லையே, ஏன்? வசந்த காலத்தில், அதாவது இனச்சேர்க்கை நடக்கிற அதே மாதத்தில், கூவுகிற சேவலைத் தேடிப் போய்ச் சுடுகிறார்கள். பலசாலியான சேவல் முதல் வாரத்திலேயே விழுந்துவிடுகிறது. பிறகு பெட்டைகள் யாரோடு சேரும்? நாமக்கல்காரர் சொல்லட்டும், சேவல் இல்லாத பண்ணையில் கூமுட்டைதானே மிஞ்சும்? அமெரிக்காவில் வேறு எந்த வேட்டைப் பறவையையும் இனப்பெருக்கக் காலத்தில் இப்படிக் குறிவைப்பதாகத் தெரியவில்லை. இதைச் சொன்னால் கொயோட்டி, ரக்கூன், மழை என்று எல்லோரும் திசை திருப்புகிறார்கள்.

தென்றல் (ஜார்ஜியா) எழுதியது:

திசை திருப்பவில்லை, நண்பரே. அந்தக் கேள்வியை இங்கே தெற்கு மாநிலங்கள் மிகவும் பொருட்படுத்தின. ஜார்ஜியாவில் 2022 முதல் வேட்டைப் பருவத் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஒருவர் சுடக்கூடிய சேவல்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். காரணம் நீங்கள் சொன்ன அதே அச்சம்.

ஆனால் உயிரியல் அவ்வளவு நேரடியாக இல்லை. பெட்டையின் கருக்குழாயில் விந்தணுவைச் சேமித்து வைக்கும் நுண்குழாய்கள் இருக்கின்றன. ஒருமுறை சேர்ந்தால் வாரக்கணக்கில் கருவுள்ள முட்டை இட முடியும்; மறு ஈட்டுக்குக்கூட அது போதும். கலைந்த கூடுகளில் முட்டை ஓடுகளை ஆராய்ந்தாலும், முழு அடைக்காலமும் முடிந்த கூடுகளைப் பார்த்தாலும், கூமுட்டை பெரிய பங்கு வகிப்பதாகத் தெரியவில்லை. முட்டைக்குக் கருவில் குறை இல்லை, அது காலியாவது தின்னும் விலங்குகளின் வாயால்தான்.

டென்னசியின் தெற்கு நடுப்பகுதியில் கவுண்டிகள் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) சிலவற்றில் பருவத்தை இரண்டு வாரம் தள்ளித் தொடங்கி, பக்கத்துக் கவுண்டிகளோடு ஒப்பிட்டு ஒரு பல்கலைக்கழகக் குழு ஆய்வு செய்தது. கூடு பொரிக்கும் விகிதத்திலோ குஞ்சு பிழைப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் கிடைக்கவில்லை. அதற்காக எத்தனை சேவலை வேண்டுமானாலும் சுடலாம் என்று நான் சொல்லவில்லை. சேவல் எண்ணிக்கை நிலைக்க அந்தக் கட்டுப்பாடு உதவும். குஞ்சு ஏன் இல்லை என்ற வேலனின் கேள்விக்கு மட்டும் அது விடை ஆகாது.

இன்னொன்று. இந்தச் சேவல்களின் கூட்டணி விநோதமானது. உடன்பிறந்த சேவல்கள் இரண்டு மூன்று சேர்ந்து தோகை விரித்து ஆடும். ஆனால் பெட்டையோடு சேர்வது அவற்றில் ஆதிக்கம் உள்ள சேவல் ஒன்றுதான். மற்றவை ஏன் வீணாக ஆடுகின்றன? கலிஃபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் காப்பகத்தில் ஆலன் கிராக்காவர் மரபணுவை வைத்துக் கணக்கிட்டு 2005-இல் விடை சொன்னார். தனியாக நிற்கும் சேவலைவிடத் துணையுள்ள சேவலுக்குக் குஞ்சுகள் மிக அதிகம். உடன்பிறந்த சேவலின் குஞ்சில் துணைச் சேவலின் மரபணுவும் ஏறக்குறைய கால் பங்கு இருப்பதால், ஆடியது வீணில்லை. அந்த ஆதிக்கச் சேவல் விழுந்தால் அடுத்தது இடத்தைப் பிடிக்கும் என்பதையும் இதிலிருந்து ஊகிக்கலாம்.

சந்தேகப்பிராணி எழுதியது:

விந்தணுச் சேமிப்பு எனக்குப் புதிய செய்தி. ஆனால் ஏற்கெனவே சேர்ந்த பெட்டைக்குத்தானே அது உதவும்? சேர்வதற்கு முன்பே சேவல் விழுந்தால்? பருவத் தொடக்கம் பெட்டைகள் அடைக்கு உட்காரத் தொடங்கும் நாளை ஒட்டி இருப்பது நல்லது என்பதில் நான் மாறவில்லை.

தென்றல் (ஜார்ஜியா) எழுதியது:

அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

ஓசார்க் வேலன் எழுதியது:

நல்லது, வேட்டையை ஒரு பக்கம் வைப்போம். கொயோட்டி விஷயத்துக்கு வாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டார்.

தென்றல் (ஜார்ஜியா) எழுதியது:

கொயோட்டி பெட்டையையும் குஞ்சையும் பிடிக்கும், கூட்டையும் குலைக்கும். பாப்கேட் என்கிற காட்டுப்பூனையும், பெரிய கொம்பு ஆந்தையும் அதே ஆட்டத்தில் உண்டு. ஆனால் கொயோட்டியின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள் அதிகம் கண்டது முயல், எலி, பழம், மான்தான். வான்கோழியின் பங்கு மிகச் சிறியது. கண்ணில் படுவதாலும் இரவில் ஊளையிடுவதாலும் பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது.

கூட்டைப் பொறுத்தவரை எனக்கு முதல் சந்தேகம் ரக்கூன்மேல். 1980-களின் இறுதியில் தோல் விலை சரிந்தது. அதுவரை குளிர்காலம் தோறும் பொறி வைத்து ரக்கூன் பிடித்தவர்கள் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்கள். அதன் பிறகு ரக்கூன் பெருகிவிட்டது. மக்காச்சோள வயலும், மானுக்கு வைக்கும் தீனிப்பெட்டியும் அதற்குக் குளிர்காலச் சாப்பாடு போடுகின்றன.

சுடுவதால் பயன் உண்டா என்றால், பரந்த நிலத்தில், முட்டையிடும் பருவத்துக்குச் சற்று முன்பாக, ஆண்டுதோறும் விடாமல் பொறி வைத்தால் கொஞ்சம் கிடைக்கலாம். ஒரு சிறு நிலத்தில் கொயோட்டி இரண்டைச் சுட்டால் அடுத்த மாதமே பக்கத்திலிருந்து வேறு இரண்டு அந்த இடத்துக்கு வந்துவிடும். ஆசைக்குச் சுட்டுக்கொள்ளலாம். வான்கோழிக்காகச் சுடுகிறேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கொலம்பியா மீனா எழுதியது:

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இருமுறை அடிக்கிறது. அடைக்காலத்தில் பெய்தால் நனைந்த பெட்டையின் வாடை அதிகமாகிறது. மோப்பம் பிடித்து வரும் விலங்குக்குக் கூடு எளிதில் கிடைக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் இதற்குச் சாதகமான தரவு கிடைத்தது. ஜூன் மாதக் குளிர்மழை வேறு, தாயின் சிறகுக்கு வெளியே நனைந்த குஞ்சைச் சில மணி நேரத்தில் விறைக்க வைத்துவிடும்.

இனி வேலன் அண்ணா கேட்ட அளவு. கணக்கு புரிவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரலில் 100 பெட்டைகள். மறு ஈட்டையும் சேர்த்து 35 பெட்டைகள் பொரிக்கின்றன என்று வைப்போம். ஒன்றுக்குப் பத்துக் குஞ்சு, ஆக 350. அதில் நூற்றுக்கு முப்பது நான்கு வாரம் தாண்டினால் 105. அதாவது ஆகஸ்டில் பெட்டைக்கு ஒரு குஞ்சு. அதில் பாதி சேவல். மிஞ்சும் ஐம்பத்திச் சொச்சம் இளம்பெட்டைகளில் சில குளிர்காலத்தில் போகும். பழைய பெட்டைகளிலும் ஆண்டுக்கு நாற்பது போகும். அடைகாக்கும் காலத்தில்தான் அவையும் அதிகம் சாகின்றன. இழந்த நாற்பதை ஈடுகட்டவே தடுமாற வேண்டியிருக்கிறது.

அதனால்தான் மாநில வனவிலங்குத் துறைக்காரர்கள் பெட்டைக்கு இரண்டு குஞ்சு என்பதை வசதியான அளவாக வைத்திருக்கிறார்கள். மிசூரியில் பெட்டையையும் குஞ்சையும் எண்ணும் இந்தக் கணக்கெடுப்பு 1959 முதல் நடக்கிறது. 2010-களின் பிற்பாதியில் பல ஆண்டுகள் அது ஒன்றை ஒட்டியே நின்றது. வேட்டையின் எண்ணிக்கையிலும் இது தெரிந்தது: 2004 வசந்தத்தில் 60,744 பறவைகள், 2021-இல் 35,000-க்கும் கீழே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பொரிக்கும் பெட்டைகள் 35-லிருந்து 45 ஆனால் 135 குஞ்சு. அதற்குப் பதில் குஞ்சு பிழைப்பு முப்பதிலிருந்து நாற்பது ஆனால் 140. இரண்டும் நடந்தால் 180. அதிசயம் எதுவும் தேவையில்லை, இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தாலே போதும்.

நாமக்கல்காரன் எழுதியது:

ஒரு சின்ன யோசனை. சிரிக்காதீர்கள். பண்ணையில் பொரிக்க வைத்து, எட்டு வாரம் வளர்த்து, காட்டில் விட்டுவிட்டால்? எங்களிடம் பிழைப்பு நூற்றுக்குத் தொண்ணூறு. அந்த ஆபத்தான இரண்டு வாரமே இல்லாமல் போய்விடுமே.

ஓய்வுபெற்றவன் எழுதியது:

தம்பி, சிரிக்க மாட்டேன், ஏனென்றால் அமெரிக்கா முழுவதும் பல பத்தாண்டுகள் அதைத்தான் செய்தார்கள். இந்த நாட்டில் வெகுகாலம் குடியிருப்பவன் என்பதால் அந்தப் பழைய கதையைச் சொல்லுகிறேன்.

காடழிப்பாலும் கட்டுப்பாடற்ற வேட்டையாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காட்டு வான்கோழி பல மாநிலங்களில் அடியோடு மறைந்துவிட்டது. மிசூரியில் 1950-களின் தொடக்கத்தில் மிஞ்சியது 2,500-க்கும் குறைவு. பண்ணைப் பறவைகளை ஆயிரக்கணக்கில் விட்டுப் பார்த்தார்கள். அவை எந்த ஒலிக்குப் பதுங்க வேண்டும், இரவில் எந்தக் கிளையில் அடைய வேண்டும், ஓக் கொட்டை எங்கே விழும் என்று எதுவும் தெரியாமல் வளர்ந்தவை. மனிதனைக் கண்டால் தீவனம் என்று ஓடி வந்தன. ஏறக்குறைய எல்லாமே செத்தன. மிஞ்சியவை காட்டுப் பறவையோடு கலந்தாலோ, நோயைக் கொண்டுவந்தாலோ இன்னும் கெடுதல்.

வழி திறந்தது, மக்காச்சோளத்தைத் தூவி, அங்கே கூடுகிற காட்டுப் பறவைகள்மேல் பீரங்கி வலையைப் பாய்ச்சிப் பிடிக்கிற உத்தி வந்த பிறகுதான். மிசூரி 1954-இல் பெக் ராஞ்ச் என்ற இடத்திலிருந்து பறவைகளைப் பிடித்து வேறு கவுண்டிகளில் விடத் தொடங்கியது. தாயின் வளர்ப்பில் வளர்ந்த சில பறவைகளே போதுமானதாக இருந்தன. 1960-இல் மறுபடியும் வேட்டைப் பருவம், மூன்றே நாள். பிறகு மிசூரியிலிருந்து மற்ற மாநிலங்களுக்கும் பறவைகள் போயின. கென்டக்கிக்குக் கொடுத்த வான்கோழிகளுக்கு மாற்றாக நீர்நாய்கள் வந்தன என்றால் நம்புவாயா? இன்று நாடு முழுவதும் காட்டு வான்கோழி ஆறு மில்லியன் அளவில் இருக்கிறது. பண்ணைப் பறவையைக் காட்டில் விடுவதைப் பல மாநிலங்கள் சட்டத்தால் தடுத்திருக்கின்றன.

ஆக, அந்த ஆபத்தான இரண்டு வாரத்தை நீ கூண்டில் தாண்ட வைத்தால், அந்த இரண்டு வாரம் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்துத் தாண்டிவிடுகிறாய்.

நாமக்கல்காரன் எழுதியது:

ஏற்றுக்கொண்டேன், ஐயா. நோய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கோழியையும் வான்கோழியையும் ஒரே இடத்தில் வளர்க்கக் கூடாது என்று எங்களுக்கு முதல் பாடமாகச் சொல்வார்கள். கருந்தலை நோய். கோழி அதைத் தாங்கிக்கொள்ளும். குடற்புழுவின் முட்டை வழியாக மண்ணில் கிடந்து வான்கோழியைத் தாக்கும். ஈரலைத் தின்றுவிடும். வேலன் அவர்களே, உங்கள் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகள் உண்டா? அந்தக் கழிவை வயலுக்கு உரமாகப் போடுகிறார்களா?

ஓசார்க் வேலன் எழுதியது:

மேற்கே கறிக்கோழிப் பண்ணைகள் நிறைய. எங்கள் பகுதிப் புல்வெளிகளிலும் லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இதை நான் யோசித்ததே இல்லை.

கொலம்பியா மீனா எழுதியது:

காட்டு வான்கோழியிலும் கருந்தலை நோய் பதிவாகியிருக்கிறது, ஆனால் எண்ணிக்கை சரிவுக்கு அதுதான் காரணம் என்று காட்டும் சான்று இல்லை. நன்றாக மட்கவைத்த கழிவைப் போடச் சொல்வது முன்னெச்சரிக்கை, அவ்வளவே. வேலன் அண்ணா, நான் முதலில் பார்க்க விரும்புவது உங்கள் புல்லை. என்ன புல் அது?

ஓசார்க் வேலன் எழுதியது:

ஃபெஸ்க்யூ. வாங்கும்போதே இருந்தது. மாட்டுக்கு நல்லது, எதற்கும் சாகாது. தீவனத்துக்காக மே கடைசியில் ஒருமுறை அறுக்கிறோம்.

கொலம்பியா மீனா எழுதியது:

அங்கேதான் இருக்கிறது உங்கள் கேள்விக்கான விடையில் பாதி.

ஒருநாள் குஞ்சின் உயரத்தில் குனிந்து உங்கள் புல்வெளியைப் பாருங்கள். உண்மையாகவே குப்புறப் படுத்துப் பாருங்கள். ஃபெஸ்க்யூ தரையோடு தரையாக மெத்தைபோல் பின்னிக்கொள்ளும். குஞ்சால் அதற்குள் நடக்க முடியாது. காலைப் பனியில் உள்ளே போனால் தொப்பலாக நனைந்துவிடும். பூச்சி இருந்தாலும் எட்டாது. குஞ்சுக்கு வேண்டியது, மேலே முழங்கால் உயரத்துக்குக் குடைபோல் கவிந்த அகன்ற இலைச்செடிகள், அடியில் வெறும் மண். தாயின் தலை செடிக்கு மேலே தெரிய வேண்டும், அப்போதுதான் அதனால் காவல் காக்க முடியும். குஞ்சு அடியில் மறைந்து ஓட வேண்டும். பூச்சி இலையில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த நிலம் கூட்டிலிருந்து நடக்கும் தூரத்துக்குள் இல்லை என்றால், பொரித்த குஞ்சுகளோடு தாய் வெகுதூரம் போக வேண்டியிருக்கும். போகும் வழியில் குறையும்.

மே கடைசியில் அறுப்பு என்பது அதைவிட மோசம். அப்போது பெட்டை அடையில் இருக்கும். இயந்திரச் சத்தத்துக்கு எழுந்து ஓடாது. பதுங்குவதே அதன் தற்காப்பு. மே தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை அறுக்காமல் விட்டால் முதல் ஈடும் மறு ஈடும் தப்பிக்க வாய்ப்பு உண்டு. முழு வயலையும் விட முடியாது என்றால் காட்டு ஓரத்துப் பட்டையையாவது விடுங்கள்.

தென்றல் (ஜார்ஜியா) எழுதியது:

மீனா சொன்னதோடு தீயையும் சேர்க்கிறேன். இங்கே நீளிலைப் பைன் காடுகளில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திட்டமிட்டு எரிக்கிறார்கள். எரித்த முதல் கோடையில் முளைக்கிற இளஞ்செடிக்கும் பூச்சிக்கும் குஞ்சுகளோடு தாய்கள் வந்துவிடும். ஓரிரு ஆண்டு பழைய பகுதியில் புதர் கொஞ்சம் வளர்ந்திருக்கும், கூடு அங்கே. எரிக்காமலே விட்டுவிட்ட காட்டில் இரண்டும் இருக்காது, நிழலும் சருகும்தான். வசந்தத்தில் எரித்தால் கூடு எரிந்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். சில எரியத்தான் செய்யும். ஆனால் எரிக்க வேண்டிய அடர்ந்த பழைய பகுதிகளில் பெட்டை கூடு வைப்பது அரிது என்பதால் இழப்பு சொற்பம். அந்த இழப்புக்குப் பயந்து எரிக்காமல் விடுவதுதான் பெரிய இழப்பு.

ஓசார்க்கிலும் இதே கதைதான். ஓக் மரங்களுக்கிடையே வெயில் தரைக்கு வர வேண்டும். கொஞ்சம் மரம் கழித்து, சிறு சிறு பகுதியாக மாற்றி மாற்றி எரித்தால் போதும். தனியாகச் செய்ய வேண்டாம்; பயிற்சி பெற்றவர்களையும், மாநிலத் துறையின் தனியார் நில ஆலோசகரையும் அழையுங்கள்.

ஓய்வுபெற்றவன் எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. சரிவு, சரிவு என்கிறோம். எதோடு ஒப்பிட்டு? வெறுமையாகக் கிடந்த காட்டில் சில பறவைகளை விட்டபோது இடமும் உணவும் தாராளம். கொன்று தின்பவைக்கு வான்கோழியைத் தேடிப் பழக்கமும் இல்லை. அந்தக் காலத்தில் பெட்டைக்கு மூன்று நான்கு குஞ்சு இருந்தது இயல்பு. நிலம் நிறைந்த பிறகு விகிதம் குறைவதும் இயல்பு. தென்கிழக்கு மாநிலங்களின் பழைய பதிவுகளை ஆராய்ந்தவர்களும், பறவை கூடக் கூட ஒரு பெட்டைக்கான குஞ்சு குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். 2004-ஐ உச்சமாக வைத்துக்கொண்டு இன்றைய நிலையை அழுவது சரியில்லை. உச்சம் என்பதே தாங்காத எண்ணிக்கையாக இருந்திருக்கலாம்.

கொலம்பியா மீனா எழுதியது:

பாதி ஒப்புக்கொள்கிறேன், ஐயா. நெரிசல்தான் காரணம் என்றால் எண்ணிக்கை குறைந்ததும் விகிதம் மறுபடி ஏற வேண்டும். பல இடங்களில் பறவையும் குறைந்து, விகிதமும் குறைவாகவே நிற்கிறது. நிலமே மாறிவிட்டது என்று நான் சொல்வது அதனால்தான்.

பூச்சியின் வலிமைக்கு ஒரு சாட்சி: 2024-இல் 13 ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் சில்வண்டுக் கூட்டம் மிசூரியில் மே, ஜூனில் வெளிவந்தது. குஞ்சு பொரிக்கும் அதே நாள்கள். தாய்க்கும் வளரும் குஞ்சுக்கும் விருந்து. ரக்கூனுக்கும் கொயோட்டிக்கும் அதே விருந்து என்பதால் கூடு தேடும் அவசரமும் குறைந்திருக்கும். நான் வேலை செய்த இடங்களில் அந்தக் கோடையில் குஞ்சுகள் அதிகமாகவே தெரிந்தன. இது ஆய்வு முடிவு அல்ல, என் பார்வை.

சந்தேகப்பிராணி எழுதியது:

அடுத்த சில்வண்டு வர 2037 ஆகும். அதுவரை ஃபெஸ்க்யூவைக் களையெடுக்க வேண்டியதுதான்.

ஓசார்க் வேலன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காட்டு ஓரத்தில் ஒரு பட்டையை இந்த முறை அறுக்காமல் விடப்போகிறேன். ஃபெஸ்க்யூவை இலையுதிர் காலத்தில் ஒரு பகுதியில் மருந்தடித்து ஒழித்துவிட்டு, லிட்டில் புளூஸ்டெம் போன்ற உள்ளூர்ப் புல்லும் பூச்செடி விதையும் போட ஆலோசகரிடம் பேசியிருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் சிரிக்கிறார். அவர் சுடட்டும், நான் விதைக்கிறேன். மாநிலக் கணக்கெடுப்பில் பொதுமக்களும் கலந்துகொள்ளலாம் என்கிறார்களே, எப்படி எண்ண வேண்டும்?

கொலம்பியா மீனா எழுதியது:

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வான்கோழியைக் காணும்போதெல்லாம் நாள், இடம், பெட்டை எத்தனை, குஞ்சு எத்தனை, சேவல் எத்தனை என்று எழுதுங்கள். கோடையில் பல தாய்களின் குஞ்சுகள் ஒன்றாகக் கலந்துவிடும். எது யாருடையது என்று பிரிக்க முயல வேண்டாம், கூட்டத்தின் மொத்தம் போதும். செடிக்குள் பாதி மறைந்திருந்து சரியாக எண்ண முடியவில்லை என்றால் அதையும் குறிப்பிடுங்கள். பார்த்த கூட்டத்தையே மறுநாளும் பார்த்தால் தனிப்பதிவாக எழுதுங்கள், இடம் ஒன்றே என்று தெரியட்டும்.

பெரும்பாலோர் விட்டுவிடுகிற ஒன்று: குஞ்சோடு வரும் பெட்டையைக் கண்டால் ஆர்வமாக எழுதுவார்கள், தனிப்பெட்டைகளைக் கண்டால் எழுத என்ன இருக்கிறது என்று போய்விடுவார்கள். அப்படிச் செய்தால் விகிதம் பொய்யாக உயர்ந்துவிடும். நீங்கள் முதல் பதிவில் சொன்ன, மூன்றும் நான்குமாகத் தனியே மேய்கிற பெட்டைகளை ஒன்று விடாமல் எழுதுங்கள், அண்ணா. குஞ்சு என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று போடுங்கள். காலியாக விடாதீர்கள், காலி என்றால் எண்ணவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.